'டு' வந்த பிறகும் ஏன் 'மீட்டிங்'? ஆங்கிலத் தொழிற்பெயரும் அதையொட்டிய வழக்குத் தொடர்களும்

பர்மாவின் யாங்கோனில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் தங்கை ஒருவர், தாம் எழுதிய ஆங்கிலக் கடிதத்தில் மேலாளர் செய்த மூன்று திருத்தங்களை எடுத்தெழுதி விளக்கம் கேட்டிருக்கிறார். 'வீ லுக் ஃபார்வர்டு டு மீட் யூ' என்று அவர் எழுதியதில் 'மீட்' என்பது 'மீட்டிங்' ஆக்கப்பட்டிருக்கிறது. 'வீ ஹாவ் டிஃபிகல்ட்டி டு ஃபைன்ட் எ கன்டெய்னர்' என்பதில் 'டு' அடிக்கப்பட்டு 'ஃபைன்டிங்' என்று எழுதப்பட்டிருக்கிறது. 'வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ தட் தி ஷிப்மென்ட் இஸ் டிலேய்ட்' என்பதிலும் அதே சிவப்பு மை ஓடி, 'ரிக்ரெட் இன்ஃபார்மிங்' என்று ஆகியிருக்கிறது. "'டு' என்ற சொல்லுக்குப் பின் வினையின் முதல் வடிவம்தான் வரும் என்று பத்தாம் வகுப்பு வரை படித்தேன். இப்போது எல்லா இடத்திலும் 'இங்' சேர்க்கச் சொன்னால் எதை நம்புவது? மூன்று திருத்தங்களும் சரிதானா?" என்பது அவருடைய கேள்வி.

மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. மூன்றாவதைப் பற்றி எனக்கு வேறு கருத்தும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே கூறிவிடலாம்: இந்தப் பகுதியில் தடுமாறும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலம் தெரியாமல் தடுமாறுவதில்லை. தம் வாயில் நாள்தோறும் புழங்கும் தமிழில் இதே அமைப்பு இருக்கிறது என்பதை யாரும் சுட்டிக்காட்டாததால்தான் தடுமாறுகிறார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1960களில் இந்நாட்டின் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, தமிழ் இலக்கணம் என்பது கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்பில் கிடைத்தால் உண்டு என்ற நிலைக்கு வந்துவிட்டது. அரசுப் பள்ளியிலோ ஆங்கில இலக்கணத்தையும் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கத்தான் பழக்கினார்கள்.

தமிழில் 'நீந்து' என்பது வினை; 'நீந்துதல்' என்பது அவ்வினையின் பெயர். அதைத் தொழிற்பெயர் என்கிறோம். 'தல்', 'அல்', 'கை' முதலிய ஈறுகள் வினையைப் பெயராக்கித் தருகின்றன. பேச்சிலும் இன்றைய உரைநடையிலும் 'நீந்துவது' என்ற வடிவமே மிகுதி. ஆங்கிலத்தில் இவற்றின் வேலையைச் செய்வது 'இங்' ஈறு பெற்ற 'ஜெரண்டு'. நம்மைச் சுற்றியுள்ள பர்மிய மொழியிலும் இது உண்டு: எழுத்து வழக்கில் வினையடியோடு 'ச்சின்' என்ற ஈறும், பேச்சில் 'தா' என்ற ஈறும் சேர்ந்து வினையைப் பெயராக்குகின்றன. ஆகவே பள்ளியில் பர்மியமும் வீட்டில் தமிழும் பேசி வளர்ந்த ஒருவருக்கு ஜெரண்டு என்பது புதிய கருத்தே அன்று. புதிய பெயர் மட்டுமே.

தொழிற்பெயருக்கு இரண்டு முகங்கள் இருப்பதை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அது பெயர்: எழுவாயாக நிற்கும், வேற்றுமை ஏற்கும். உள்ளே அது இன்னும் வினைதான்: தனக்கென்று செயப்படுபொருளை வைத்துக்கொள்ளும், 'மெதுவாக', 'கவனமாக' போன்ற வினையடைகளை ஏற்கும். 'கடிதத்தைக் கவனமாகப் படிப்பது நல்லது' என்ற வாக்கியத்தில் 'படிப்பது' எழுவாய். ஆனால் 'கடிதத்தை' என்ற செயப்படுபொருளும் 'கவனமாக' என்ற அடையும் அதற்கு இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'ரீடிங் தி லெட்டர் கேர்ஃபுல்லி இஸ் குட்' என்பது அச்சாக அதே அமைப்பு. இதையே 'தி கேர்ஃபுல் ரீடிங் ஆஃப் தி லெட்டர்' என்று மாற்றினால் வினைமுகம் மறைந்துவிடுகிறது: முன்னே 'தி' வந்துவிட்டது, செயப்படுபொருளுக்கு 'ஆஃப்' தேவைப்படுகிறது, 'கேர்ஃபுல்லி' இருந்த இடத்தில் பெயரடையான 'கேர்ஃபுல்' வந்துவிட்டது. இரண்டையும் கலந்து 'தி ரீடிங் தி லெட்டர்' என்று எழுதுவது பிழை. இன்னும் ஒரு படி போனால், சொல் வினையை முழுவதும் விட்டுவிட்டுப் பொருளாகவே ஆகிவிடும். நம் மொழியில் 'பாடுதல்' செயல்; 'பாடல்' அச்செயலில் பிறந்த பொருள். 'பாடல்கள்' என்று பன்மை சொல்லலாம். 'பாடுதல்கள்' என்று யாரும் சொல்வதில்லை. 'பெயின்டிங்' என்பது வரைதல் என்ற செயலாக இருக்கும்போது பன்மை ஏற்காது. சுவரில் மாட்டிய ஓவியமாகிவிட்டால் 'பெயின்டிங்ஸ்' என்று தாராளமாகச் சொல்லலாம். 'பில்டிங்', 'வெட்டிங்' போன்றவையும் அப்படி வந்தவையே.

இந்த 'இங்' ஈறு ஏன் இவ்வளவு குழப்பம் தருகிறது என்பதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் இரண்டு தனித்தனி ஈறுகள் இருந்தன. செயலுக்குப் பெயர் வைக்க 'உங்' அல்லது 'இங்' என்ற ஈறும், செயலைச் செய்துகொண்டிருக்கும் நிலையைக் காட்ட 'எண்டே' என்ற ஈறும் பயன்பட்டன. முதலாவது நம் 'கற்றல்' போன்றது. இரண்டாவது 'கற்கின்ற' என்ற பெயரெச்சம் போன்றது. ஏறத்தாழ 1100 முதல் 1500 வரையிலான இடைக்கால ஆங்கிலத்தில் இவ்விரண்டின் ஒலிகளும் நெருங்கி நெருங்கி, கடைசியில் ஒரே 'இங்' ஆகிவிட்டன. இரண்டு வேலைக்காரர்கள் செய்த வேலை ஒருவர் தலையில் விழுந்தது. அதனால்தான் 'எ ஸ்லீப்பிங் சைல்ட்' என்றால் தூங்குகின்ற குழந்தை என்றும், 'எ ஸ்லீப்பிங் பேக்' என்றால் தூங்குவதற்கான பை என்றும் நாம் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. பை தூங்குவதில்லை. முதலாவதில் இருப்பது எச்சம். இரண்டாவதில் இருப்பது தொழிற்பெயர். வாய்விட்டுச் சொல்லும்போது வேறுபாடு காதிலேயே கேட்கும்: பையைச் சொல்லும்போது அழுத்தம் 'ஸ்லீப்பிங்' என்பதன் மேல் விழும், குழந்தையைச் சொல்லும்போது 'சைல்ட்' என்ற சொல்லும் அழுத்தம் பெறும்.

பெயரும் தொழிற்பெயரும் சேர்ந்து தொகையாக நிற்பதற்கு நம் கண்முன்னே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. இந்நாட்டின் பகோடா வாசல்களில் 'ஃபுட் வேரிங் ப்ரொஹிபிட்டட்' என்று எழுதிய பலகையைப் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டார் பலர் அதன் அருகே நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்வதையும் பார்த்திருப்பீர்கள். ஏன் சிரிக்கிறார்கள்? ஆங்கிலத்தில் இப்படி ஒரு பெயர் தொழிற்பெயருக்கு முன் வந்து நின்றால், பெரும்பாலும் அது அச்செயலின் செயப்படுபொருளாகும். 'லெட்டர் ரைட்டிங்' என்றால் கடிதத்தை எழுதுதல். 'ஸ்டாம்ப் கலெக்டிங்' என்றால் தபால்தலையைச் சேகரித்தல். நம் இலக்கணத்தில் இரண்டாம் வேற்றுமைத் தொகை என்போமே, அதுதான். அந்தக் கணக்கில் 'ஃபுட் வேரிங்' என்றால் பாதத்தை அணிதல் என்று ஆகிறது. எழுத நினைத்தது 'ஃபுட்வேர்', அதாவது காலணி. 'வேர்' என்பதை வினையாகக் கருதி 'இங்' சேர்த்ததால் வந்த வினை. ஆனால் பலகையின் நோக்கம் எவருக்கும் விளங்காமல் போனதில்லை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வெள்ளையர் செருப்போடு பகோடாவுக்குள் நுழைவதை எதிர்த்து இந்நாட்டு மக்கள் பெரும் கிளர்ச்சி செய்த வரலாறு அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. இலக்கணப் பிழைக்காக அதை இகழ எனக்கு மனம் வருவதில்லை.

இனி உங்கள் முதல் திருத்தத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'இன்', 'ஆஃப்', 'ஃபார்', 'பை', 'வித்தவுட்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்' போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பின் வினை வர வேண்டுமானால் அது 'இங்' வடிவில்தான் வரும் என்று எல்லா இலக்கண நூல்களும் கூறுகின்றன. இதை விதியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் முன்னிடைச் சொற்கள் செய்யும் வேலையை நம் மொழியில் வேற்றுமை உருபுகளும் 'முன்', 'பின்' போன்ற சொற்களும் செய்கின்றன. வேற்றுமை உருபு பெயரோடு மட்டுமே ஒட்டும். 'படி' என்ற வினையடியோடு 'இல்' உருபை நேரே ஒட்டிப் பாருங்கள், நாக்கு மறுக்கும். 'படிப்பதில் ஆர்வம்' என்று தொழிற்பெயராக்கிய பிறகுதான் உருபு ஒட்டுகிறது. 'இன்ட்டரஸ்ட்டட் இன் ரீடிங்' என்பதும் அப்படியே. 'சமைப்பதில் வல்லவர்' என்பது 'குட் அட் குக்கிங்'. 'உதவியதற்கு நன்றி' என்பது 'தேங்க் யூ ஃபார் ஹெல்ப்பிங்'. 'தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டான்' என்பது 'ஹீ அப்பாலஜைஸ்டு ஃபார் கமிங் லேட்'. நம் மொழி 'உதவியதற்கு' என்று காலத்தைக் காட்டுகிறது, ஆங்கிலத் தொழிற்பெயர் தானாகக் காலம் காட்டுவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. 'வித்தவுட்' இன்னும் எளிது: நம் 'ஆமல்' ஈறு அப்படியே அதன் இடத்தில் உட்காரும். 'சாப்பிடாமல் போனான்' என்றால் 'ஹீ வென்ட் வித்தவுட் ஈட்டிங்'.

'பிஃபோர்' விஷயத்தில் மட்டும் பர்மிய மொழி நம் பிள்ளைகளின் காலை வாரிவிடுகிறது. 'போவதற்கு முன்' என்பதைப் பர்மியர் 'மத்துவாகின்' என்பார்கள். அதில் முதலில் இருக்கும் 'ம' எதிர்மறை முன்னொட்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'போகாததற்கு முன்' என்பது போன்ற அமைப்பு. இன்னும் போகவில்லை என்ற நிலையை அந்த மொழி அழுத்திச் சொல்கிறது. அதில் ஊறிய மாணவர் ஒருவர் என்னிடம் 'பிஃபோர் நாட் ஈட்டிங், வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்' என்று எழுதிக்கொண்டு வந்தார். தமிழில் சொல்லிப் பாரப்பா என்றேன். 'சாப்பிடுவதற்கு முன் கைகழுவு' என்று சொன்னவர், தானே 'நாட்' என்ற சொல்லை அடித்துவிட்டார்.

'டு' மட்டும் ஏன் வம்பு செய்கிறது என்றால், ஆங்கிலத்தில் 'டு' என்ற பெயரில் இரண்டு சொற்கள் இருக்கின்றன என்று கொள்வதே நமக்கு வசதி. ஒன்று நம் நான்காம் வேற்றுமை 'கு' உருபைப் போன்றது: 'ஐ வென்ட் டு பெகு' என்றால் பெகுவுக்குப் போனேன். மற்றது 'போக', 'வர', 'செய்ய' என்று நாம் சொல்லும் எச்சத்தைப் போன்றது: 'ஐ வான்ட் டு கோ' என்றால் போக விரும்புகிறேன். நீங்கள் பள்ளியில் படித்தது இரண்டாவது 'டு'வுக்கான விதி. அது தவறில்லை, ஆனால் பாதிதான். 'லுக் ஃபார்வர்டு டு' என்பதில் இருப்பது முதலாவது 'டு'. அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது: 'டு'வுக்குப் பின் வினையை எடுத்துவிட்டு வெறும் பெயரை வைத்துப் பாருங்கள். 'வீ லுக் ஃபார்வர்டு டு திங்யான்' என்று, தண்ணீர்த் திருவிழாவை ஆவலோடு எதிர்பார்க்கிறோம் என்ற பொருளில் நன்றாகவே சொல்லலாம். பெயர் பொருந்துகிறது என்றால் அங்கே வினை வரும்போதும் பெயர் வேடம் போட்டுத்தான் வர வேண்டும்: 'டு மீட்டிங் யூ'. 'ஐ வான்ட் டு திங்யான்' என்று சொல்ல முடியாது. ஆகவே அங்கே 'டு கோ'. தமிழிலும் 'உங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறோம்' என்றுதான் எழுதுவோம். 'சந்திக்க எதிர்நோக்குகிறோம்' என்பது ஒட்டாது. உங்கள் மேலாளரின் முதல் திருத்தம் சரியானது.

'அப்ஜெக்ட் டு', 'இன் அடிஷன் டு' என்பவையும் இந்த முதலாவது 'டு' கொண்டவை. எல்லாரும் விழும் பள்ளம் 'யூஸ்டு டு'. 'ஐ யூஸ்டு டு டேக் தி ஃபெர்ரி' என்றால் முன்பெல்லாம் நான் படகில் போவதுண்டு, இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்டு டு டேக்கிங் தி ஃபெர்ரி' என்றால் படகில் போவது எனக்குப் பழகிவிட்டது. யாங்கோனின் பன்சோடான் துறையிலிருந்து ஆற்றின் அக்கரையிலுள்ள டலாவுக்கு நாள்தோறும் படகேறும் ஒருவர் இரண்டாவதைச் சொல்ல வேண்டும். படகை விட்டுப் பேருந்துக்கு மாறியவர் முதலாவதைச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு சிறிய 'ஆம்' இருப்பதும் இல்லாததும் ஒருவருடைய அன்றாடப் பயணத்தையே மாற்றிவிடுகிறது.

அடுத்து, எந்த வினைக்குப் பின் 'இங்', எந்த வினைக்குப் பின் 'டு' என்ற பெரிய கேள்வி. பயிற்சி நூல்கள் நீண்ட பட்டியல் தரும். பட்டியலைப் புரட்டும் முன், வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்கும்படி என் மாணவர்களிடம் சொல்வேன். 'செய்ய' என்ற எச்சம் வந்தால் 'டு'வும், 'செய்வதை' அல்லது 'செய்ததை' என்ற பெயர் வந்தால் 'இங்'கும் வரும் வாய்ப்பு அதிகம். இது வியப்பூட்டும் அளவுக்குச் சரியாக அமையும் இடங்கள் உண்டு. 'மறு' என்ற ஒரே தமிழ் வினையைப் பாருங்கள். 'பணம் கொடுக்க மறுத்தான்' என்பது 'ஹீ ரெஃப்யூஸ்டு டு கிவ் தி மணி'. 'பணம் எடுத்ததை மறுத்தான்' என்பது 'ஹீ டினைட் டேக்கிங் தி மணி'. ஆங்கிலம் இரண்டு வினைகளை வைத்துக்கொண்டு செய்வதை நம் மொழி ஒரே வினையில், முன்னால் வரும் வடிவத்தை மாற்றியே செய்துவிடுகிறது. அந்த வடிவ வேறுபாடு ஆங்கிலத்தின் 'டு', 'இங்' வேறுபாட்டோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரே வினைக்குப் பின் இரண்டும் வந்து பொருள் மாறும் இடங்களில் இந்தச் சோதனை இன்னும் பயன்படும். 'ஹீ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை நிறுத்தினான். 'ஹீ ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் புகைக்க நின்றான். 'ஐ ஃபர்காட் டு லாக் தி டோர்' என்றால் கதவைப் பூட்ட மறந்தேன்; வீடு திறந்து கிடக்கிறது. 'ஐ வில் நெவர் ஃபர்கெட் லாக்கிங் தட் டோர்' என்றால் அந்தக் கதவைப் பூட்டியதை ஒருநாளும் மறக்கமாட்டேன். வீட்டை விட்டுக் கடைசியாகக் கிளம்பிய ஒருவர் அப்படிச் சொல்லலாம். 1942-இல் குண்டுவீச்சுக்குப் பயந்து கால்நடையாகவே இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட நம் பெரியவர்களை நினைத்தால், இந்த வாக்கியத்தின் பொருள் பிள்ளைகளுக்கு உடனே பதிந்துவிடுகிறது. 'ட்ரை' என்ற வினைக்கு நம்மிடம் இருப்பது போன்ற தெளிவு ஆங்கிலத்திடமே இல்லை என்பேன். 'ட்ரை டு ஓப்பன் தி விண்டோ' என்றால் சன்னலைத் திறக்க முயன்று பார், திறக்குமோ திறக்காதோ. 'ட்ரை ஓப்பனிங் தி விண்டோ' என்றால் சன்னலைத் திறந்து பார், காற்று வருகிறதா என்று தெரியும். முன்னதில் திறப்பதே கடினம். பின்னதில் திறப்பது எளிது, பலன்தான் சோதனை. நம் 'செய்து பார்' என்ற துணைவினை இந்த இரண்டாவது பொருளை அப்படியே பிடித்துவிடுகிறது.

ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. கைவிடும் இடங்களையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். 'வருவதாக வாக்களித்தான்' என்பதில் பெயர்போல ஒரு வடிவம் நிற்கிறது. ஆங்கிலத்திலோ 'ஹீ ப்ராமிஸ்டு டு கம்' என்றே வரும். 'எழுதி முடித்தாள்' என்பதில் பெயரும் இல்லை, 'எழுத' என்ற எச்சமும் இல்லை; ஆங்கிலத்தில் 'ஷீ ஃபினிஷ்டு ரைட்டிங்'. 'நாளைக்குப் போகலாம் என்றான்' என்று நாம் இயல்பாகச் சொல்வதை ஆங்கிலம் 'ஹீ சஜஸ்டட் கோயிங் டுமாரோ' என்று மடக்கிவிடுகிறது. இதை 'சஜஸ்டட் டு கோ' என்று எழுதாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. நூல்களில் இதற்கு இன்னொரு வழிகாட்டு நெறி இருக்கிறது: இனி நடக்கப்போவதை நோக்கும் வினைகள் 'டு' ஏற்கும், நடந்ததையோ நடந்துகொண்டிருப்பதையோ நோக்குபவை 'இங்' ஏற்கும் என்பது. 'ஹோப்', 'டிசைட்', 'அக்ரீ', 'ப்ராமிஸ்' ஆகியவற்றுக்கு அது பொருந்துகிறது. 'என்ஜாய்', 'அட்மிட்', 'டினை' ஆகியவற்றுக்கும் பொருந்துகிறது. ஆனால் 'சஜஸ்ட்', 'கன்சிடர்', 'போஸ்ட்போன்' ஆகியவை இனி நடக்கப்போவதைப் பற்றியவையாக இருந்தும் 'இங்' ஏற்கின்றன. 'பயணத்தைப் பற்றி யோசிக்கிறோம்', 'போவதைத் தள்ளிவைத்தோம்' என்ற தமிழ் வாக்கியங்களில் செயல் ஒரு பொருளைப் போல மேசைமேல் வைத்துப் பார்க்கப்படுவதைக் கவனித்தால், இந்த விலக்குகள் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

உங்கள் இரண்டாவது வாக்கியம் வழக்குத் தொடர் என்ற வகையைச் சேர்ந்தது. இங்கே காரணம் தேடிப் பயனில்லை. வழக்கு என்ன என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஹாவ் டிஃபிகல்ட்டி', 'ஹாவ் ட்ரபிள்' என்பவற்றுக்குப் பின் 'இங்' வரும். 'கொள்கலன் கண்டுபிடிக்கச் சிரமப்படுகிறோம்' என்று தமிழில் 'கண்டுபிடிக்க' வருவதால்தான் நீங்கள் 'டு ஃபைன்ட்' எழுதினீர்கள். பழைய வழக்கில் நடுவே ஓர் 'இன்' இருந்தது: 'டிஃபிகல்ட்டி இன் ஃபைன்டிங்'. இன்றும் அப்படி எழுதினால் தவறில்லை. அந்த 'இன்' உதிர்ந்த பிறகும் அது கட்டிய 'இங்' நின்றுவிட்டது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். 'பிஸி' என்ற சொல்லும் அப்படித்தான்: 'ஷீ இஸ் பிஸி குக்கிங்'. 'சமைப்பதில் மும்முரமாக இருக்கிறாள்' என்ற தமிழின் 'இல்' உருபு நம் கையைப் பிடித்து 'பிஸி இன் குக்கிங்' என்று எழுத வைக்கும். இன்றைய வழக்கில் அந்த 'இன்' வேண்டாம். 'நேரம் செலவிடுதல்' பற்றிய 'ஸ்பென்ட்' என்ற வினைக்கும் இதே கதைதான்: 'ஐ ஸ்பென்ட் டூ ஹவர்ஸ் சர்ச்சிங் ஃபார் தட் புக்'. பன்சோடான் தெரு நடைபாதையில் பழைய ஆங்கிலப் புத்தகங்களைக் கிளறியே என் பாதி வார விடுமுறைகள் போயிருப்பதால், இந்த எடுத்துக்காட்டு எனக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது.

'வொர்த்' என்ற சொல் தமிழருக்குத் தனிச் சோதனை. 'படிக்கத் தக்க புத்தகம்' என்று நாம் சொல்வதால் 'வொர்த் டு ரீட்' என்றே கை போகும். சரியான வடிவம் 'தி புக் இஸ் வொர்த் ரீடிங்'. 'அழுது பயனில்லை' என்பது 'இட் இஸ் நோ யூஸ் க்ரையிங்'. 'சிரிக்காமல் இருக்க முடியவில்லை' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஐ குடுன்ட் ஹெல்ப் லாஃபிங்' என்பார்கள். இதில் வரும் 'ஹெல்ப்' என்ற சொல்லுக்கு உதவி என்று பொருள் கொண்டு 'சிரிக்க உதவ முடியவில்லை' என்று மொழிபெயர்த்த மாணவர்கள் உண்டு. இங்கே அதன் பொருள் தவிர்த்தல். 'மொஹிங்கா சாப்பிட வேண்டும் போலிருக்கிறது' என்பது 'ஐ ஃபீல் லைக் ஈட்டிங் மொஹிங்கா'. 'லைக்' இங்கே 'போல' என்ற முன்னிடைச் சொல்லாக நிற்பதால் 'இங்' வருகிறது. மழைக்காலம் தொடங்கும் முன் எல்லா வீட்டிலும் கேட்கும் 'கூரையைப் பழுதுபார்க்க வேண்டும்' என்பதை 'தி ரூஃப் நீட்ஸ் ரிப்பேரிங்' என்று சொல்லலாம். கூரை தானே பழுதுபார்த்துக்கொள்வதில்லை, ஆனாலும் இந்த அமைப்பில் 'இங்' வடிவத்துக்குச் செயப்பாட்டுப் பொருள் உண்டு.

'மைன்ட்' பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. 'வுட் யூ மைன்ட் ஓப்பனிங் தி டோர்?' என்று ஒருவர் கேட்டால், கதவைத் திறப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று பொருள். உதவ விரும்புகிறவர் 'நோ, நாட் அட் ஆல்' என்று சொல்லிவிட்டு எழுந்து திறக்க வேண்டும். நம்மவர் மரியாதையாக 'யெஸ் சார்' என்று சொல்லி எழுந்து திறப்பார்கள். கேட்டவர் ஒரு கணம் விழிப்பார். 'ஓப்பனிங்' என்பதற்கு முன் 'மை' சேர்த்து 'வுட் யூ மைன்ட் மை ஓப்பனிங் தி டோர்?' என்று கேட்டால் திறக்கப்போவது அந்தக் கேள்வியைக் கேட்டவரே. தொழிற்பெயரின் கருத்தா இப்படி உடைமை வடிவில் வருவது எழுத்து வழக்குக்கு உரியது. பேச்சில் 'மீ ஓப்பனிங்' என்பதே மிகுதி. அலுவலகக் கடிதத்தில் 'மை' என்றே எழுதுங்கள்.

இப்போது மூன்றாவது திருத்தம். 'ரிக்ரெட்' என்ற வினை, மேலே சொன்ன 'ஸ்டாப்', 'ஃபர்கெட்' ஆகியவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது. இரண்டு வடிவங்களையும் ஏற்கும், பொருள் மாறும். 'வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்றால் இதைத் தெரிவிக்க வருந்துகிறோம். வருத்தத்துக்கு உரிய செய்தி இனிதான் வரப்போகிறது. 'வீ ரிக்ரெட் இன்ஃபார்மிங் யூ' என்றால் உங்களுக்கு முன்பு தெரிவித்ததற்காக வருந்துகிறோம். அதாவது, உங்களிடம் சொல்லியிருக்கவே கூடாது என்று இப்போது நினைக்கிறோம். சரக்கு தாமதமாகிறது என்ற செய்தியோடு இரண்டாவது வடிவத்தைச் சேர்த்தால், தாமதத்தை மறைக்காமல் சொல்லிவிட்டோமே என்று அலுவலகம் வருந்துவதாக வாடிக்கையாளர் படிப்பார். நீங்கள் முதலில் எழுதியதே சரி. முதல் இரண்டு திருத்தங்களையும் ஏற்றுக்கொண்டு, மூன்றாவது வாக்கியத்தில் மட்டும் உங்கள் 'டு இன்ஃபார்ம்' என்பதைத் திரும்ப வைத்து, காரணத்தை மேலாளரிடம் பணிவாகச் சொல்லிவிட்டுக் கடிதத்தை அனுப்புங்கள்.